கரிசலுக்கு ஒரு கணக்கு, செம்மண்ணுக்கு ஒரு கணக்கு

ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில் இருக்கிறது இக்ரிசாட். வறண்ட வெப்ப நாடுகளின் மானாவாரிப் பயிர்களுக்காக 1972இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனம். அதன் பண்ணைக்குள்ளேயே ஒரு பகுதி செம்மண், இன்னொரு பகுதி ஆழமான கரிசல். வானம் ஒன்று, வெயில் ஒன்று, பெய்கிற மழையும் ஒன்று. ஆனால் ஆகஸ்டில் இரண்டு வாரம் மழை ஏமாற்றிவிட்டால், செம்மண் சோளம் நண்பகலில் இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். பண்ணைக்குட்டையில் தேக்கி வைத்த நீரை அந்த நேரம் பார்த்து ஒருமுறை பாய்ச்சினால் கதிர் பிழைத்துவிடும். அதே நீரை அதே வாரத்தில் கரிசல் சோளத்துக்குப் பாய்ச்சினால் பெரும்பாலும் எந்த மாற்றமும் தெரியாது. ஒரு முழத்துக்குக் கீழே அங்கே இன்னும் ஈரம் இருக்கும். வேர் அதைத் தேடிப் போய்க் குடித்துக்கொண்டிருக்கும்.

தக்காணத்துக் கரிசல் விவசாயிகள் இந்த ஈரத்தை நம்பித்தான் காலங்காலமாக விவசாயம் செய்தார்கள். மழைக்காலத்தில் காலை வைத்தால் அப்பிக்கொள்ளும் அந்த மண்ணை உழ முடியாது. ஆகவே நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு, மழை ஓய்ந்தபின் செப்டம்பர், அக்டோபரில் சோளமும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதன்பின் மழை பெரிதாக எட்டிப் பார்க்காவிட்டாலும் அறுவடை வரை பயிர் வந்துவிடும். செம்மண்ணில் இதே வேலையைச் செய்தால் பயிர் முழங்கால் உயரம் தாண்டாது.

"பருத்திக்கு எத்தனை தண்ணி கட்டலாம்?" என்று கேட்டால், கையேடுகள் நாள்கணக்கில் பதில் சொல்கின்றன. ஏழு நாளைக்கு ஒன்று, பத்து நாளைக்கு ஒன்று என்று. எந்த மண்ணில் என்று திருப்பிக் கேட்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே கூடாது என்பது என் கருத்து. தண்ணீருக்குப் பயிர் எவ்வளவு விளைச்சலைத் திருப்பித் தரும் என்பதில் பாதியைப் பயிர் தீர்மானிக்கிறது என்றால், மறுபாதியை மண் தீர்மானிக்கிறது.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மணல் என்பது 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை உள்ள துகள். களி என்பது 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. அளவில் மட்டும் அல்ல, வடிவத்திலும் வேறு. மணல் உருண்டு திரண்டது, களி தட்டுத் தட்டாக அடுக்கியது. கரிசலில் உள்ள களியில் மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் மிகுதி. அதன் தட்டுகளுக்கு இடையிலும் நீர் புகும். புகுந்தால் விரியும், வெளியேறினால் சுருங்கும். இந்தக் கனிமத்தின் ஒரு கிராமில் உள்ள தட்டுகளையெல்லாம் பிரித்துப் பரப்பினால் சுமார் 800 சதுர மீட்டர் வரும். ஏறக்குறைய 20 சென்ட் நிலம், ஒரு சிட்டிகை மண்ணுக்குள். செம்மண்ணில் பெரும்பாலும் இருப்பது கயோலினைட். அதன் தட்டுகள் இறுகப் பிணைந்தவை, நீர் இடையில் நுழையாது. ஒரு கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர் பரப்புத்தான். நீர் ஒட்டிக்கொள்வது பரப்பின் மேல் என்பதால், இந்த வேறுபாடே மற்ற எல்லாவற்றுக்கும் வேர்.

துவைத்த துணியைக் கொடியில் போட்டால் முதலில் சொட்டும், கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நிற்கும், ஆனால் துணி ஈரமாகவே இருக்கும். நன்றாக நனைந்த வயலும் அப்படித்தான். பெரிய இடுக்குகளில் இருந்த நீர் ஓரிரு நாளில் கீழே இறங்கிவிடும். சிறிய இடுக்குகளிலும் துகள்களின் மேலும் பிடித்து நிற்கும் ஈரத்தைத்தான் வயல் கொள்திறன் என்கிறார்கள். வேர் அதிலிருந்து எடுக்க எடுக்க, மிஞ்சும் ஈரம் துகளோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 15 மடங்கு இழுவை கொடுத்தாலும் வராத நிலையில் செடி வாடும், இரவில்கூட மீளாது. அதுதான் வாடல் நிலை. கொள்திறனுக்கும் வாடல் நிலைக்கும் இடைப்பட்ட ஈரம் மட்டுமே பயிருக்குச் சொந்தம்.

இந்த வாடல் நிலையை முறையாக அளந்தவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையில் இருந்த லைமன் பிரிக்ஸும் ஹோமர் ஷான்ட்ஸும். அவர்களது அறிக்கை 1912இல் வெளிவந்தது. தொட்டியில் செடியை வளர்த்து, செடி வழியாக மட்டுமே நீர் போகும்படி மண்ணின் மேற்பரப்பை மெழுகால் மூடினார்கள். இலை வாடி, ஈரக்காற்றில் வைத்தும் தேறாத கட்டத்தில் மண்ணில் எவ்வளவு நீர் மிச்சம் என்று அளந்தார்கள். வறட்சி தாங்கும் பயிர்கள் மண்ணை இன்னும் ஒட்ட உறிஞ்சிவிடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் பயிருக்குப் பயிர் வேறுபாடு சொற்பமாகவே இருந்தது. மண்ணுக்கு மண் வேறுபாடு பல மடங்கு. வாடுவது செடி, வாட வைக்கும் அளவைச் சொல்வது மண் என்பதற்கு நூறாண்டுக்கு முன்பே இப்படிச் சாட்சி கிடைத்துவிட்டது.

எண்களாகச் சொன்னால், மணலின் கொள்திறன் கன அளவில் 10 சதவீதத்தை ஒட்டியது, வாடல் நிலை 4. கனத்த களியின் கொள்திறன் 38 வரை போகும், வாடல் நிலை 23 வரை. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. களியில் செடி வாடிச் சாகும் நாளில் அந்த மண்ணில் இருக்கும் நீர், மணலில் செடி செழித்து நிற்கும் நாளில் இருக்கும் நீரைவிட இரண்டு மடங்குக்கு மேல். கையில் எடுத்தால் ஈரம் தெரிகிற மண்ணில் பயிர் காய்வதற்கு இதுதான் காரணம். ஈரத்தின் அளவை மட்டும் காட்டும் மலிவான கருவிகளைக் குச்சிபோல் மண்ணில் குத்திப் பார்த்துவிட்டு, எந்த மண் என்று கேட்காமல் முடிவெடுப்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பயிருக்குக் கிடைக்கும் நீர், ஒரு மீட்டர் ஆழத்துக்கு மணலில் 60 மி.மீ., களியில் 150 மி.மீ. நடுத்தரமான வண்டல் கலந்த இருமண்பாட்டு நிலத்தில் அது 140க்குக் குறையாது, சில இடங்களில் களியையே மிஞ்சும். களி நிறையப் பிடித்து வைக்கிறது, ஆனால் நிறையத் தானே வைத்துக்கொள்கிறது. ஆற்றங்கரை வண்டல் நிலத்துக்கு ஊரில் எப்போதும் விலை கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை.

இப்போது வயலுக்கு வருவோம். ஏப்ரல் வெயிலில் நிலத்தை முழுதாக மூடி நிற்கும் பயிர் ஒரு நாளைக்கு 6 மி.மீ. நீரைச் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேர் 60 செ.மீ. ஆழம். பாதி ஈரம் தீரும்போது அடுத்த தண்ணீர் கொடுக்க வேண்டும். மணலில் இருப்பு 36 மி.மீ., பாதி 18, மூன்று நாளில் தீரும். களியில் இருப்பு 90, பாதி 45, ஏழு எட்டு நாள் தாங்கும். வாய்க்காலில் திறந்துவிட்டு ஒரே மடக்கில் 50 மி.மீ. பாய்ச்சினால், களி ஏறக்குறைய முழுவதையும் வாங்கிக்கொள்ளும். மணல் 18ஐ வாங்கிக்கொண்டு மீதி 32ஐ வேருக்குக் கீழே விட்டுவிடும். ஏக்கருக்கு ஒரு மி.மீ. என்பது 4,047 லிட்டர். ஆக, ஒரு ஏக்கர் மணற்பாங்கான நிலத்தில் ஒரே பாய்ச்சலில் சுமார் 1,30,000 லிட்டர் வேருக்கு எட்டாமல் போகிறது. கூடவே முந்தின நாள் போட்ட யூரியாவும் போகிறது. நைட்ரேட்டாக மாறிவிட்டால் அதைப் பிடித்து வைக்க மண்ணில் எதுவும் இல்லை.

கரண்ட் இருக்கும் நேரத்தில் ஓட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் பாய்ச்சுகிறவர்கள், மணலில் நாள் இடைவெளியையும் நீட்டி, அளவையும் கூட்டுகிறார்கள். அந்த மண்ணுக்கு இரண்டுமே ஆகாது. பாய்ச்சிய மறுநாள் வெள்ளம், நான்காம் நாள் பஞ்சம் என்று பயிர் ஆடிக்கொண்டே இருக்கும். மொத்தத் தண்ணீரின் அளவைக் கூட்டாமலே, அதைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் மணலில் விளைச்சல் ஏறும். களியில் அப்படிப் பிரிப்பதால் பெரிய லாபம் இல்லை, மேற்பரப்பிலேயே ஆவியாகப் போவதுதான் கூடும்.

சிறு மழைக்கும் இதே கதை. காய்ந்த மணலில் 10 மி.மீ. மழை பெய்தால் 12 செ.மீ. ஆழம் வரை நனைக்கும். காய்ந்த கரிசலில் அதே 10 மி.மீ. நான்கு செ.மீ.கூடத் தாண்டுவது கடினம், இரண்டு நாள் வெயிலில் போய்விடும். அதனால்தான் மழை மிகக் குறைவான பகுதிகளில் கணக்கு தலைகீழாகிறது. இஸ்ரேலிய சூழலியலாளர் இமானுவேல் நோய்-மெயர் 1973இல் இதை எடுத்துச் சொன்னார். ஆண்டு மழை சுமார் 300 முதல் 500 மி.மீ.க்குக் கீழே போனால் களிமண்ணைவிட மணலில்தான் செடிகொடி நன்றாக நிற்கும், அதற்கு மேலே போனால் களி முந்தும். மணலில் நீர் வெயில் எட்டாத ஆழத்துக்கு இறங்கி ஒளிந்துகொள்கிறது. தார்ப் பாலைவனத்தின் மணலில் கம்பு விளைவதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். களி எப்போதும் உயர்ந்தது, மணல் எப்போதும் தாழ்ந்தது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்.

விளைச்சலுக்கும் நீருக்கும் உள்ள உறவை எளிய சூத்திரமாக்கியவர்கள் டோரன்போஸும் கசாமும். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1979இல் வெளியிட்ட அவர்களது கையேடு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. பயிர் ஆவியாக்க வேண்டிய நீரில் எத்தனை சதவீதம் குறைகிறதோ, அதை ஒரு பயிர் எண்ணால் பெருக்கினால் விளைச்சல் இழப்பு வரும். மக்காச்சோளத்துக்கு அந்த எண் 1.25, பருத்திக்கு 0.85, நிலக்கடலைக்கு 0.7. நீர் 20 சதவீதம் குறைந்தால் மக்காச்சோளம் 25 சதவீதம் இழக்கும், பருத்தி 17, நிலக்கடலை 14.

நல்ல சூத்திரம்தான். ஆனால் அதில் மண் எங்கே? வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கிறது. மழை நின்ற பதினைந்தாம் நாள் பயிர் ஆவியாக்கும் நீர் 20 சதவீதம் குறையுமா, 60 சதவீதம் குறையுமா என்பதை மண்தான் சொல்ல வேண்டும். ஆழமான கரிசலில் மானாவாரிப் பயிரே நல்ல விளைச்சல் தரும். முதல் ஒன்றிரண்டு தண்ணீருக்குச் சற்றே உயரும், பிறகு கோடு படுத்துவிடும். ஆழமில்லாத செம்மண்ணில் மானாவாரி விளைச்சல் தரையோடு கிடக்கும். ஒவ்வொரு தண்ணீருக்கும் செங்குத்தாக ஏறும். ஒரு குட்டைத் தண்ணீர், இரண்டு நிலம் என்று இருந்தால் அதை எங்கே பாய்ச்ச வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. செம்மண்ணுக்குத்தான். நல்ல நிலத்துக்கு நல்ல தண்ணீர் என்று பழகிய மனம் இதை ஏற்கத் தயங்கும்.

வாடும் விதமும் மண்ணுக்கு மண் மாறும். மணல் தன் நீரில் பெரும்பகுதியை லேசான இழுவைக்கே கொடுத்துவிடும். தீரும் வரை பயிருக்குக் குறையே தெரியாது, தீர்ந்தால் ஓரிரு நாளில் சரிந்துவிடும். களியோ ஆரம்பத்திலிருந்தே இழுத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். பயிர் மெல்ல மந்தமாகும், இலை சிறுக்கும், வளர்ச்சி குறையும். கலிபோர்னியாவின் ஃபிராங்க் வைமையர், வாடல் நிலை வரும்வரை எல்லா ஈரமும் பயிருக்கு ஒன்றுபோலவே கிடைக்கும் என்று வாதிட்டார். வாடுவதற்கு வெகுமுன்பே விளைச்சல் குறையத் தொடங்கும் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். பல ஆண்டு நீடித்த சர்ச்சை அது. இரண்டு பக்கமும் உண்மையின் ஒரு துண்டு இருந்தது. மணலைப் பார்த்தால் முதல் கட்சி சரி, களியைப் பார்த்தால் இரண்டாவது.

மணலில் ஒரு நாள் பிந்துவது அதனால் ஆபத்து. களியில் ஒரு நாள் முந்துவது ஆபத்து. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணில் காற்று நிற்கும் இடம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வேர் மூச்சுத் திணறும். கரிசலில் நீர் இறங்கும் வேகம் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. மட்டுமே. மணலில் அது 30ஐத் தாண்டும். பாய்ச்சிய அன்று மாலை ஒரு நல்ல மழையும் சேர்ந்துவிட்டால் கரிசல் மக்காச்சோளம் இரண்டு மூன்று நாளில் அடியிலையிலிருந்து மஞ்சளாகும். வேர் செத்ததோடு, நைட்ரேட்டும் வாயுவாகிப் பறந்திருக்கும். பாய்ச்சிய தண்ணீருக்கு விளைச்சல் கூடாமல் குறைவதை இந்த மண்ணில்தான் அடிக்கடி பார்க்கலாம்.

காவிரிப் படுகை இந்தப் பாடத்தை ஒரே மாவட்டத்துக்குள் வைத்திருக்கிறது. பழைய பாசனப் பகுதி கனத்த களி. மேட்டூர் அணை 1934இல் முடிந்தபோது கல்லணைக் கால்வாயும் வந்தது. அது ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மணற்பாங்கான செம்மண்ணுக்கு நெல் தண்ணீர் கொண்டுபோனது. நெல் வயலில் நிற்கும் நீர், கனத்த களியில் நாளைக்கு 1 முதல் 5 மி.மீ. கசியும். மணற்பாங்கான நிலத்தில் 25 மி.மீ.க்கும் மேல் போகும். நூறு நாளில் அங்கே 300 மி.மீ. என்றால் இங்கே 2,500. இரண்டு இடத்திலும் பயிர் உண்மையில் ஆவியாக்குவது 600 மி.மீ. அளவுதான். சேற்றுழவு செய்து மிதித்துக் கலக்குவது இந்தக் கசிவை அடைக்கும் வேலை. அடைப்பதற்குக் களி இருந்தால்தானே அடைபடும்?

பழைய படுகையின் களி இன்னொன்றையும் செய்கிறது. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தை விதைக்கிறார்கள். நெல்லை அறுத்த பிறகு தாள்களுக்கு இடையே உளுந்து முளைத்து நிற்கும். அதற்கு யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் தைப் பனியும்தான். ஒரு மூட்டை உளுந்து என்பது நெல்லுக்குப் பாய்ச்சிய தண்ணீரின் மிச்சம். மணற்பாங்கான பகுதியில் அந்த மிச்சம் கிடையாது. அங்கே நெல்லுக்குப் பின் நிலக்கடலை போட்டால் ஆழ்துளைக் கிணற்றை நம்ப வேண்டும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்கு நீர் கட்டும் முறையைப் பரப்பும்போதும் மண்ணைப் பார்க்க வேண்டும். வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, நீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. போனதும் மறுபடி பாய்ச்சுவது வழக்கம். களியில் அந்தப் 15 செ.மீ. இறங்கும்போதும் வேர் ஈரத்திலேயே இருக்கும், விளைச்சல் குறையாது. மணலில் நீர்மட்டம் ஒரே நாளில் நழுவிவிடும். களியிலும் காயவிடுவதற்கு எல்லை உண்டு. வெடிப்பு விட்டுவிட்டால் அடுத்துப் பாய்ச்சும் நீர் வேரை நனைக்காமல் வெடிப்பு வழியே நேராகக் கீழே போகும். மயிரிழை வெடிப்பு தெரிவதற்குள் மடையைத் திறந்துவிட வேண்டும்.

கீழே போன நீர் எல்லாமே வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. 1950களில் வந்த கீழ்பவானிக் கால்வாய் பெரும்பாலும் செம்மண் வழியே ஓடுகிறது. கால்வாயிலும் வயலிலும் கசிந்த நீர் கீழ்ப்பக்கத்துக் கிணறுகளை நிரப்பியது. அந்தக் கிணறுகளை நம்பித் தோட்டங்கள் வந்தன. கால்வாய்க்குக் கான்கிரீட் பூசும் திட்டம் வந்தபோது விவசாயிகள் இரண்டாகப் பிரிந்து நின்றதற்கு இதுதான் அடிப்படை. ஒருவர் வயலின் இழப்பு இன்னொருவர் கிணற்றின் வரவு. அதை மோட்டார் வைத்து மறுபடி மேலே ஏற்ற வேண்டியிருக்கிறது என்பதும், போகும் வழியில் நைட்ரேட்டைச் சேர்த்துக்கொண்டு போகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

சொட்டுநீர்க் குழாய் போடுகிறவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். ஒரு சொட்டுவானை மூன்று மணி நேரம் ஓடவிட்டு, பக்கத்தில் மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டிப் பாருங்கள். மணலில் ஈரம் ஒரு கேரட்டைப் போல் ஒடுங்கி, ஆழமாக இறங்கியிருக்கும். களியில் பக்கவாட்டில் அகன்று, ஆழமில்லாமல் பரவியிருக்கும். மணலில் சொட்டுவான்களை 30 செ.மீ. இடைவெளியில் வைக்காவிட்டால் நடுவில் உள்ள செடிகளுக்கு நீரே எட்டாது. களியில் 60 செ.மீ. இடைவெளி தாராளம். ஒரே அளவுக் குழாயை எல்லா நிலத்துக்கும் விற்பதும் வாங்குவதும் சர்வ சாதாரணமாக நடக்கிறது.

மண்ணை மாற்ற முடியாது, பாய்ச்சும் முறையைத்தான் மாற்ற முடியும் என்பது முழு உண்மை அல்ல. செம்மண்ணின் மேல் இறுகும் பொருக்கும், அடியில் உள்ள கெட்டி அடுக்கும் நீரை உள்ளே விடுவதில்லை, வேரையும் இறங்க விடுவதில்லை. உளிக்கலப்பையால் மூன்றாண்டுக்கு ஒருமுறை அந்த அடுக்கைக் கீறிவிட்டால் வேர் இறங்கும் ஆழம் கூடும். ஆழம் கூடினால் இருப்பும் கூடும். கரிசலுக்குத் தேவை வேறு. அகலமான மேட்டுப்பாத்தியும் இடையில் வடிகால் சாலும் அமைத்து, மிஞ்சிய நீரை வடிய விடுவதைப் பட்டான்செருவில் நெடுநாள் முயன்று பார்த்தார்கள். மழைக்காலத்தில் தரிசாகக் கிடந்த நிலத்தில் அதனால் ஒரு பயிர் கூடுதலாக எடுக்க முடிந்தது.

செம்மண்ணுக்கு நம் ஊர்களில் இன்னொரு வழியும் இருந்தது. கோடையில் ஏரியும் கண்மாயும் வற்றியபின் அடியில் படிந்த கரம்பையை வண்டி வண்டியாக அள்ளி வந்து வயலில் அடிப்பார்கள். மழை அரித்துக்கொண்டு போன களியும் மட்கும் அதில்தான் இருக்கும். ஏரி ஆழமாகும், வயலில் களி கூடும். மேல் 30 செ.மீ. மண்ணின் பிடிப்பு இரண்டு சதவீதம் கூடினால் 6 மி.மீ. நீர் அதிகமாகத் தங்கும். அதில் பாதி 3 மி.மீ., ஏப்ரல் வெயிலில் அது அரை நாள். மூன்று நாளைக்கு ஒருமுறை பாய்ச்ச வேண்டிய நிலத்துக்கு கூடுதலாக அரை நாள் என்பது சிறிய ஆதாயம் அல்ல. ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு இப்போது அனுமதி தருகிறது. அள்ளுவதற்கு முன் ஒரு கைப்பிடி கரம்பையைப் பரிசோதனைக்கு அனுப்பி, உப்பு இல்லை என்று பார்த்துக்கொள்வது அவசியம். செங்கல் சூளைக்குப் போகும் ஒவ்வொரு லாரி வண்டலும் பக்கத்துச் செம்மண் வயலுக்குப் போயிருக்க வேண்டியது.